ஓடிப்போனவர்களின் காட்டில் ஓர் அழகி

ஜமைக்காவின் கிழக்குக் கோடியில் ரியோ கிராண்டே என்றொரு ஆறு ஓடுகிறது. ஒரு கரையில் நீல மலைத்தொடர், மறு கரையில் ஜான் குரோ மலைத்தொடர். பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. சென்னையின் மழையைப் போல மூன்று மடங்குக்கும் கூடுதல். மதியம் மேகம் திரண்டால் அன்றைய பொழுது அத்தோடு போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் அங்கே ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு வேலை நேரம் என்பது காலை வெயில் ஆற்றின்மேல் விழுந்ததிலிருந்து முதல் மழை இறங்கும் வரைக்கும்தான்.

அந்த நேரத்தில், ஆற்றோரத்தில் ஓர் அகன்ற இலையின்மேல் இறக்கையைத் தட்டையாக விரித்து ஒரு பெரிய பூச்சி வெயில் காயும். பறக்கும் தசைகள் சூடேறாமல் அதனால் எழும்ப முடியாது. சூடேறியதும் மரங்களின் உச்சி மட்டத்துக்குப் போய்விடும். இரண்டு மூன்று முறை இறக்கை அடிக்கும், பிறகு அடிக்காமல் மிதக்கும். அவ்வளவு பெரிய உருவம் அவ்வளவு மெதுவாகப் போவதைக் கீழேயிருந்து பார்ப்பவர்கள் முதலில் பறவை என்றுதான் நினைப்பார்கள்.

இதுதான் பாபிலியோ ஹோமரஸ். தமிழில் வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பெயர் சூட்டியவர்கள், பின்னிறக்கையில் வால் நீட்டியிருக்கும் இந்தக் குடும்பத்தை ‘அழகிகள்’ என்று அழைத்தார்கள். அந்த முறைப்படி இதை ஹோமர் அழகி என்று சொல்லிக்கொள்வோம். இறக்கையை விரித்தால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 15 சென்டிமீட்டர் வரை இருக்கும். வட அமெரிக்கா, தென் அமெரிக்கா இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் இதைவிடப் பெரிய அழகி கிடையாது. கரும்பழுப்பு இறக்கையின் குறுக்கே அகன்ற மஞ்சள் பட்டை. பின்னிறக்கையில் நீலப் பொடி தூவிய புள்ளிகளும் செங்கல் நிறப் பிறைகளும். வால் நுனி கரண்டிபோல அகன்றிருக்கும். 1793-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அழகிகளுக்குக் கிரேக்கக் காவிய வீரர்களின் பெயரைச் சூட்டும் வழக்கம் லின்னேயஸ் காலத்திலிருந்தே இருந்தது. நம் ஊரில் சிவந்த உடலோடு பறக்கும் அழகி ஒன்று ட்ராய் இளவரசன் ஹெக்டரின் பெயரோடுதான் திரிகிறது. ஃபாப்ரிசியஸ் வீரர்களை விட்டுவிட்டுக் கவிஞரையே பிடித்துக்கொண்டார்.

உலகில் ஜமைக்காவைத் தவிர வேறெங்கும் இந்தப் பூச்சி இல்லை. தீவின் மொத்தப் பரப்பு சுமார் 11,000 சதுர கிலோமீட்டர். அதிலும் எல்லா இடத்திலும் இல்லை. கிழக்கே நீல மலை, ஜான் குரோ மலைப் பகுதியில் ஒரு கூட்டம். மேற்கே காக்பிட் கன்ட்ரி என்னும் சுண்ணாம்புப் பாறைக் காட்டில் இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் நடுவே 100 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. ஒரு தீவுக்குள் இரண்டு தீவுகளாக இது எப்படி ஒடுங்கியது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கதை. அதைச் சொல்வதற்குமுன், இது ஜமைக்காவுக்கு எப்படி வந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

ஜமைக்கா நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலுக்கடியில் கிடந்தது. அப்போது கடலுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உண்டானதுதான் தீவின் பெரும்பகுதியை மூடியிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் அது மெல்ல மேலே எழுந்தது. எழுந்தபின் எந்தக் கண்டத்தோடும் அது ஒட்டவே இல்லை. ஆகவே இன்று அங்கே இருக்கும் தவளை, பல்லி, மரம், பூச்சி எல்லாவற்றின் மூதாதைகளும் தண்ணீரைத் தாண்டி வந்தவை. ஹோமர் அழகியின் நெருங்கிய உறவுகள் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரையிலான மலைக்காடுகளில் இருக்கின்றன. அந்தப் பக்கமிருந்து ஏதோ ஒரு காலத்தில் ஒரு சில பூச்சிகள் காற்றோடு வந்து கரை சேர்ந்திருக்க வேண்டும். கருவுற்ற பெண் ஒன்று வந்திருந்தால்கூடப் போதும். தாய்க்கூட்டத்தோடு கலப்பு அறுந்துபோனால் தலைமுறைகள் போகப் போக உருவமும் பழக்கமும் வேறாகி, ஒரு கட்டத்தில் தனி இனமாகவே ஆகிவிடும். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக்குப் பாபிலியோ சிகே, ரீயூனியனுக்குப் பாபிலியோ ஃபோர்பன்டா, மொரீஷியஸுக்குப் பாபிலியோ மான்லியஸ், இலங்கைக்குப் பொன்னிறப் பின்னிறக்கை கொண்ட ட்ராய்டிஸ் டார்சியஸ் என்று ஒற்றைத் தீவு அழகிகள் பல உண்டு.

வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். வண்ணத்துப்பூச்சிக்கு இது லேசான காரியமில்லை. தேன் எந்தப் பூவிலும் கிடைக்கும். ஹோமர் அழகி, ஜமைக்காவின் தேசிய மரமான நீல மஹோவின் பூவிலும் குடிக்கும், வேலியோரத்து உண்ணிச்செடிப் பூவிலும் குடிக்கும். புழு அப்படியில்லை. ஹெர்னாண்டியா என்ற மரத்தின் இலையை மட்டுமே அது தின்னும். ஜமைக்காவில் இந்த மரத்தில் இரண்டு இனங்கள் முக்கியம். மேற்கே ஹெர்னாண்டியா ஜமைசென்சிஸ், கிழக்கே ஹெர்னாண்டியா கட்டால்பிஃபோலியா. இரண்டுமே அந்தத் தீவைவிட்டு வெளியே கிடையாது. உள்ளூரில் இவற்றை ‘வாட்டர் மஹோ’ என்கிறார்கள். பெயருக்கேற்ப ஈரமான ஓடைக்கரைக் காடுதான் இவற்றுக்குப் பிடித்த இடம். ஒரு தீவுக்கே உரிய பூச்சி, அதே தீவுக்கே உரிய மரத்தை நம்பிப் பிழைக்கிறது.

பெண் பூச்சி இலையைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைச் சற்று உற்றுப் பார்க்கலாம். ஓடையோரத்தில் தாழப் பறந்து வரும். ஓர் இலையின்மேல் இறங்கி முன்னங்கால்களால் படபடவென்று தட்டும். அழகிகளுக்குக் காலில்தான் நாக்கு. முன்னங்கால் நுனியில் இருக்கும் நுண்மயிர்கள் இலையின் மேற்பரப்பிலுள்ள வேதிப்பொருட்களைச் சுவைத்துச் சொல்லிவிடும். வேறு மரத்தின் இலையென்றால் மறுகணம் எழுந்து போய்விடும். ஹெர்னாண்டியா என்று உறுதியானால் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை வைக்கும். வெளிர் பச்சையாக, உருண்டையாக. அடுத்த முட்டைக்கு அடுத்த இலை. ஒரே இலையில் பத்துப் புழு பிறந்தால் பத்தும் பட்டினி என்பது அதன் மரபணுக்களுக்குத் தெரியும்.

முட்டையிலிருந்து வரும் குட்டிப் புழு கறுப்பும் வெளுப்புமாகப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். எச்சத்தைக் கொத்த எந்தப் பறவையும் வராது. உடல் பருத்தபின் அந்த வேடம் எடுபடாது. அவ்வளவு பெரிய எச்சம் எங்கே இருக்கிறது? அதனால் தோலுரித்து வளர வளரப் பச்சைக்கு மாறிக்கொள்கிறது, முதுகின் முன்பக்கத்தில் பொய்க்கண்கள் தோன்றுகின்றன. தொட்டுப் பார்த்தால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்புபோல ஓர் உறுப்பு வெளியே நீளும், கூடவே நாற்றம். நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழுவைச் சீண்டியவர்களுக்கு இந்த வித்தை பழக்கம்தான். அழகிகள் குடும்பம் முழுவதற்கும் உள்ள சொத்து அது.

ஆனால் இந்தத் தற்காப்பெல்லாம் புழுவான பிறகுதான். முட்டைக்குக் காவல் கிடையாது. மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் காராவே ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். ஹோமர் அழகியின் முட்டைகள் எதனால் அழிகின்றன என்று அவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் பார்த்தபோது முதல் குற்றவாளியாக அகப்பட்டது, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவிலான ஒட்டுண்ணிக் குளவி. அது தன் முட்டையை இந்த முட்டைக்குள்ளே செலுத்திவிடும். வெளியே வருவது குளவி. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, காடு நெடுங்காலமாக இப்படித்தான் கணக்கைச் சரிசெய்து வந்திருக்கிறது. பூச்சிகள் ஏராளமாக இருந்தவரை அந்த இழப்பு தாங்கக்கூடியதாக இருந்தது. கூட்டம் சிறுத்துவிட்டால் அதே குளவி பெரிய சுமை.

கூட்டம் ஏன் சிறுத்தது?

ஜமைக்காவில் 14 மாவட்டங்கள். ஒரு காலத்தில் அவற்றில் ஏழில் ஹோமர் அழகி பறந்தது. 1655-இல் ஸ்பானியர்களிடமிருந்து தீவைப் பிடுங்கிய ஆங்கிலேயர்கள் சமவெளியையெல்லாம் கரும்புக் காடாக்கினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கில் மனிதர்களை அடிமைகளாக இறக்கினார்கள். சரிவுகளில் பின்னர் காப்பி ஏறியது. ஸ்பானியர் ஓடியபோதே அவர்களுடைய அடிமைகளில் பலர் மலைக்குள் போய்விட்டிருந்தார்கள். ஆங்கிலேயத் தோட்டங்களிலிருந்து தப்பியவர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள். மரூன்கள் என்று வரலாறு சொல்வது இவர்களைத்தான். இவர்கள் புகுந்த இடங்கள் இரண்டு. ஒன்று, மேற்கே காக்பிட் கன்ட்ரி. மற்றது, கிழக்கே நீல மலையும் ஜான் குரோ மலையும். ஹோமர் அழகி இன்று மிஞ்சியிருக்கும் அதே இரண்டு இடங்கள்.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. காக்பிட் கன்ட்ரியின் நிலத்தை மேலிருந்து பார்த்தால் இட்லித் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கியது போல் இருக்கும். மழைநீர் சுண்ணாம்புக்கல்லை அரித்து அரித்து, செங்குத்தான உருண்டைக் குன்றுகளும் அவற்றுக்கிடையே ஆழமான குழிகளுமாக ஆக்கிவிட்டது. மேலே ஓடும் ஆறு கிடையாது, தண்ணீரெல்லாம் பாறைக்குள் இறங்கிவிடும். கல் விளிம்புகள் கத்தி மாதிரி. வரிசையாக அணிவகுத்து வந்த ஆங்கிலேயப் படைக்கு அங்கே ஒரு வண்டியைக்கூட உருட்ட முடியவில்லை. குழிக்குள் இறங்கினால் மேலிருந்து சுடுவார்கள். பல ஆண்டுப் போருக்குப்பின் 1739-இல் காலனி அரசு மேற்கே மரூன் தலைவர் குஜோவோடும் பிறகு கிழக்கே இன்னொரு தலைவர் குவாவோவோடும் ஒப்பந்தம் போட்டு, அவர்களுடைய நிலத்தை அவர்களுக்கே விட்டது. இனி ஓடிவருகிற அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற கசப்பான நிபந்தனையும் அதில் இருந்தது. கிழக்குக் கூட்டத்தை வழிநடத்திய நானி இன்று ஜமைக்காவின் தேசிய வீரர்களில் ஒருவர். மேற்கே அக்கம்பாங் ஊரில் ஆண்டுதோறும் ஜனவரி 6 அன்று மரூன்கள் இன்றும் விழா எடுக்கிறார்கள்.

படையை நிறுத்திய கல்லேதான் கரும்பையும் நிறுத்தியது. உழ முடியாத, பாதை போட முடியாத, மழை ஓயாத நிலத்தில் ஹெர்னாண்டியா நின்றது. ஹெர்னாண்டியா நின்ற இடத்தில் அழகியும் நின்றது. தீவின் நடுவே டியாப்லோ மலைப்பக்கம் மூன்றாவதாக ஒரு கூட்டம் இருந்ததாகத் தெரிகிறது. அங்கே சரிவுகள் அவ்வளவு கரடுமுரடு இல்லை. காடு போனது, கூட்டமும் போனது. கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே பாலமாக இருந்திருக்கக்கூடியது அது ஒன்றுதான்.

கரடுமுரடான நிலத்துக்கும் காவல் காலம் உண்டு. சாலையும் எந்திரமும் வந்ததும் அது முடியத் தொடங்கியது. ஜான் குரோ மலையடிவாரத்தில் இயற்கைக் காட்டை வெட்டிவிட்டுக் கரீபியப் பைன் மரம் நட்டார்கள். அந்தப் பைன் ஜமைக்காவின் மரமே அல்ல. அதன் ஊசியிலையை ஹோமர் அழகியின் புழு சீண்டாது. 1988 செப்டம்பர் 12 அன்று கில்பர்ட் சூறாவளி தீவின் மேலேயே நெடுக நடந்துபோனது. நட்ட பைன்கள் பெருவாரியாகச் சாய்ந்தன. காடும் போய், காட்டுக்குப் பதிலாக வந்ததும் போய், மொட்டைச் சரிவு மிச்சமானது. கரீபியத்து மழைக்காடு சூறாவளிக்குப் புதிதல்ல. ஒடிந்த கிளையிலிருந்து துளிர்த்துக்கொள்ளும். ஒரே வயதில் ஒரே வரிசையில் நட்ட தோப்புக்கு அந்தத் திறன் இல்லை.

எத்தனை பூச்சிகள் மிஞ்சியிருக்கின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மர உச்சியில் பறக்கும் உயிரை நின்று எண்ண முடியாது. பிடித்துக் குறியிட்டு விடுவதுதான் வழி. வலையில் பிடித்து இறக்கையில் அழியாத மையால் ஓர் எண் எழுதிப் பறக்கவிடுவார்கள். சில நாள் கழித்து மறுபடி பிடிப்பார்கள். உதாரணமாக, முதலில் 20 பூச்சிகளுக்குக் குறியிட்டோம். அடுத்த முறை அகப்பட்ட 15-இல் 10 குறியிட்டவை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மொத்தக் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறியிட்டாகிவிட்டது. மொத்தம் சுமார் 30. பிடித்ததையே திரும்பத் திரும்பப் பிடித்தால் கூட்டம் சிறியது என்று பொருள். காக்பிட் கன்ட்ரியில் மேத்யூ லேனர்ட் இந்த முறையில் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே ஒரு நாளில் பறக்கும் பூச்சிகள் 50-க்கும் குறைவு. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் இந்தக் கணக்கில் சேராது, அதனால் அந்தக் கூட்டத்தின் மொத்த எண்ணிக்கை இதைவிடக் கூடுதல்தான். என்றாலும் இனம் பெருக்கப்போகிறவை பறக்கும் அந்த 50-க்குள்தான் இருக்க வேண்டும். ஒரு பருவத்தில் பெண்கள் குறைவாகப் பிறந்தாலோ, ஆணும் பெண்ணும் சந்திக்காமல் போனாலோ அடுத்த தலைமுறை அங்கேயே இடறிவிடும்.

சேகரிப்பாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய, இவ்வளவு அரிய பூச்சியை ஊசியில் குத்திப் பெட்டியில் வைக்க ஆசைப்படாத சேகரிப்பாளர் இருந்திருக்க மாட்டார். 1987 முதல் இது அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, புலியோடும் யானையோடும். நாடுவிட்டு நாடு வணிகத்துக்காக விற்பதற்கும் வாங்குவதற்கும் தடை. ஜமைக்காவிலும் வனவிலங்குச் சட்டம் இதைக் காக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வலையால் செத்ததைவிடக் கோடரியால் செத்தது பல மடங்கு என்பது என் கட்சி. ஒரு சேகரிப்பாளர் பத்துப் பூச்சியைப் பிடித்தால் சட்டம் அவரைப் பிடிக்கும். பத்து ஹெர்னாண்டியா மரம் சாய்ந்தால் அந்தச் சட்டத்துக்கு அது தெரியவே தெரியாது.

இந்த இடத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விருந்தாளியை நினைத்துக்கொள்ளலாம். எலுமிச்சை அழகி, அறிவியல் பெயர் பாபிலியோ டெமோலியஸ். தமிழ்நாட்டில் எலுமிச்சைச் செடி வைத்திருக்கும் எவர் வீட்டிலும் இதன் புழு இலையைத் தின்றுகொண்டிருக்கும். ஆசியாவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2004-இல் கரீபியனில் டொமினிகன் குடியரசில் அகப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து போனது என்று மரபணு ஆய்வு காட்டியது. சில ஆண்டுகளுக்குள் ஜமைக்காவிலும் வந்திறங்கி, ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டக்காரர்களுக்குத் தலைவலியானது. அது ஹெர்னாண்டியாவைத் தொடுவதில்லை, ஹோமர் அழகியோடு அதற்கு நேரடிப் பகை ஏதும் இல்லை. ஒரே குடும்பம், ஒரே தீவு. மனிதன் எங்கே போனாலும் கூடவே நடுகிற மரத்தைத் தின்னப் பழகியது உலகம் சுற்றுகிறது. மனிதன் நடாத மரத்தைத் தின்னப் பழகியது ஒதுங்கி ஒதுங்கி மலைக்குள் ஒளிகிறது.

இப்போதைய நிலவரத்துக்கு வருவோம். கிழக்கே 2015-இல் நீல மலை, ஜான் குரோ மலைப் பகுதியின் 26,252 ஹெக்டேரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இயற்கைக்காக மட்டுமல்ல, மரூன்களின் பண்பாட்டுக்காகவும் சேர்த்து. கிழக்குக் கூட்டத்துக்கு அது பெரிய பலம்.

மேற்கே கதை வேறு. காக்பிட் கன்ட்ரியின் வடக்கு விளிம்பில் இருக்கும் ட்ரெலானி மாவட்டம் வள்ளிக்கிழங்குக்குப் பேர்போனது. உசேன் போல்ட்டின் ஊர் அந்த மாவட்டம்தான். மகனின் வேகத்துக்கு அந்தக் கிழங்குதான் காரணம் என்று அவருடைய தந்தையே சொன்னதாகச் செய்திகள் வந்தன. வள்ளிக்கொடி படர ஒவ்வொரு செடிக்கும் ஒரு கொழுகொம்பு வேண்டும். அது ஈரத்தில் மக்கிவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். அந்தக் கொம்புகள் பெரும்பாலும் காட்டின் இளமரங்களை வெட்டி வருபவை. இளமரம் போனால் நாளைய காடு இல்லை. விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு வேறு கொம்பு யாரும் கொடுக்கவில்லை.

கிழங்கைவிடப் பெரிய கவலை பாக்சைட். சுண்ணாம்புக் குழிகளில் படிந்திருக்கும் செம்மண்தான் அலுமினியத்தின் மூலம். 1952 முதல் ஜமைக்கா அதை ஏற்றுமதி செய்கிறது. மண்ணை அள்ளுவதற்கு முன்பே லாரிகளுக்குப் பாதை போட வேண்டும். பாதை வந்தால் கோடரியும் வெயிலும் வறண்ட காற்றும் அதன் வழியே உள்ளே வரும். நெடிய போராட்டத்துக்குப் பிறகு 2017 நவம்பரில் ஜமைக்கா அரசு 74,726 ஹெக்டேருக்கு எல்லை வரைந்து, அதற்குள் சுரங்கம் கிடையாது என்று அறிவித்தது. கோட்டுக்கு வெளியே இருக்கும் நிலத்தைப் பற்றிய சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. உண்மையான காக்பிட் கன்ட்ரி அந்தக் கோட்டைவிடப் பெரியது என்பது அங்குள்ளவர்களின் வாதம். இதற்கிடையே 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா சூறாவளி ஜமைக்காவின் மேற்குப் பாதியைத்தான் கிழித்துக்கொண்டு போனது.

என் கணிப்பைக் கேட்டால், கிழக்குக் கூட்டம் இந்த நூற்றாண்டைத் தாண்டிவிடும் என்பேன். மேற்குக் கூட்டத்துக்கு அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் பூச்சியைப் பிடிப்பதற்குத் தடை போட்டது போல ஹெர்னாண்டியாவை வெட்டுவதற்கும் தடை வேண்டும். அந்த மரத்தை மறுபடி நட வேண்டும். ட்ரெலானி விவசாயிகளுக்கு வேறு கொழுகொம்புக்கு வழி செய்ய வேண்டும். மூன்றுமே ஜமைக்காவின் கைக்கு எட்டிய காரியங்கள்தான்.